ஒரே பேனலில் கரண்டும் சுடுதண்ணியும்: கொழும்புக் கூரைக்கு எது பொருந்தும்?

வெள்ளவத்தையில் இருக்கும் என் சின்னம்மா போன மாதம் ஒரு கோட்டேஷனைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் அதைத் திறக்கும் முன்பே போனும் வந்துவிட்டது.

"தம்பி, இந்தப் பேனலைப் போட்டால் கரண்டும் வருமாம், அதுக்குள்ளாலயே சுடுதண்ணியும் வருமாம். உண்மையே?"

"ஓம் சின்னம்மா, உண்மைதான்."

"அப்ப போடட்டே?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்ன எனக்கு, இரண்டாவதற்குச் சொல்ல மூன்று வாரம் பிடித்தது. கட்டடங்களுக்கான தண்ணீர்க் குழாய், சுடுநீர், ஏசி வேலைகளைப் பார்ப்பவன் நான். தெஹிவளையில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் நண்பர் ஒருவரும், கொட்டாஞ்சேனையில் மூன்று மாடி வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பதில் மூவருக்கும் ஒன்றாக இல்லை. ஏன் இல்லை என்பதை விளக்கினால், நீங்களும் உங்கள் கூரைக்கு எது சரி என்று பார்த்துக்கொள்ளலாம்.

## நம் முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

முதல் வழி, சாதாரண சோலார் பேனல்களைப் போட்டுக் கரண்ட் எடுப்பது. குளியலறையில் இப்போது இருக்கும் ஹீட்டர் அப்படியே ஓடும்.

இரண்டாவது, கூரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கரண்டுக்கான பேனல், மறுபக்கம் தாங்கியோடு கூடிய சோலார் வாட்டர் ஹீட்டர்.

மூன்றாவதுதான் சின்னம்மாவுக்கு வந்த கோட்டேஷன். பிவிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மேலே சிலிக்கன் மின்கலங்கள், அவற்றின் முதுகில் ஒட்டிய செம்பு அல்லது அலுமினியத் தகடு, அந்தத் தகட்டுக்குள் தண்ணீர் ஓடும் குழாய். கலம் மின்சாரமாக மாற்றாத வெயில் வெப்பமாகத் தகட்டில் இறங்கும், தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு தாங்கிக்குப் போகும்.

நான்காவது வழியைப் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை. சாதாரண பேனலோடு ஒரு ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர். ஏசியைத் திருப்பிப் போட்டது போல ஒரு இயந்திரம் இது. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து விடயங்களைப் பார்க்கவேண்டும்: எவ்வளவு சுடுதண்ணீர், எத்தனை பாகையில் வேண்டும்; கூரையில் எவ்வளவு இடம் இருக்கிறது; கூரை எதைத் தாங்கும்; கரண்ட் போனால் என்ன நடக்கும்; பழுதானால் யார் வருவார். விலையை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளிவிட்டேன். இந்த ஐந்துக்கும் பதில் தெரியாமல் விலையைப் பார்த்தால், மலிவாகத் தெரிவதும் தவறு, விலை கூடியதாகத் தெரிவதும் தவறு.

ஐந்திலும் முதலாவதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆனால் வாங்க வருபவர்கள் அதிகம் அளந்து பார்க்காததும் அதைத்தான்.

கொழும்பில் ஆண்டு முழுக்கச் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியஸ். குழாயில் வரும் தண்ணீரும் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் வருகிறது. மொட்டைமாடியில் கறுப்புத் தாங்கி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பின்னேரம் மூன்று மணிக்குப் பைப்பைத் திறந்தால் முதலில் வரும் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும். குளிப்பதற்கு 40 பாகை போதும். அதாவது நாம் ஏற்றவேண்டியது 12 பாகைதான்.

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற 1.16 வாட்-மணித்தியாலம் வேண்டும். ஆளுக்கு 40 லீற்றர் என்று நான்கு பேருக்கு 160 லீற்றர். அதை 12 பாகை ஏற்ற ஏறக்குறைய 2.2 யூனிட் போதும் (ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்-மணித்தியாலம்). வேறு விதமாகவும் சரிபார்க்கலாம். 3.5 கிலோவாட் உடனடி ஹீட்டரை ஆளுக்குப் பத்து நிமிடம் போட்டால் நான்கு பேருக்கு 2.3 யூனிட். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மாதத்துக்கு 65, 70 யூனிட்.

இதே குடும்பம் நுவரெலியாவில் இருந்தால் தண்ணீர் 15, 16 பாகையில் வரும், தேவை இரட்டிப்பாகும். ஐரோப்பாவில் அதோடு வீட்டையே சூடாக்கவேண்டும். பிவிடி பற்றிய விளம்பரங்களில் பெரும்பாலானவை அங்கே எழுதப்பட்டவை. அங்கே பனிக்காலத்தில் ஹீட் பம்புக்கு வெப்பம் ஊட்டுவதற்கே பிவிடியைக் கூரையில் வைக்கிறார்கள். சர்வதேச வலு முகமையின் கீழ் 2018 முதல் 2020 வரை பிவிடிக்கென்றே ஒரு பணிக்குழு இயங்கியது. வெப்பம் அரிதான பொருளாக இருக்கும் நாடுகளில் அப்படி ஆர்வம் வருவது இயல்பு. கொழும்பில் வெப்பம் நமக்கு வேண்டாத விருந்தாளி. நமக்கு வேண்டியது ஏசிக்கும் மின்விசிறிக்கும் கரண்ட்.

ஆனாலும் அந்த 65 யூனிட்டைச் சின்ன விடயம் என்று ஒதுக்கமுடியாது. நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 180 யூனிட்டைத் தாண்டியதும் உச்சப் படி. ஹீட்டர் எடுக்கும் 65 யூனிட்டும் பல வீடுகளில் அந்த உச்சப் படியில்தான் போய் விழுகிறது.

## முதல் வழி: பேனல் மட்டும்

ஒரு கிலோவாட் பேனல் கொழும்பில் நாளுக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் தரும். சந்தையில் கிடைக்கும் 550 வாட் பேனல் ஒன்று 2.6 சதுர மீற்றர் அளவு இருக்கும், நாளுக்கு இரண்டு யூனிட் தரும். மேலே பார்த்த குடும்பத்தின் குளியலுக்கு வேண்டிய 2.2 யூனிட்டை ஏறக்குறைய ஒரே ஒரு பேனல் ஈடுசெய்துவிடுகிறது. குழாய் வேண்டாம், பம்ப் வேண்டாம், தாங்கி வேண்டாம். 2010ஐ அடுத்த பத்து ஆண்டுகளில் உலகச் சந்தையில் பேனல் விலை ஏறக்குறைய பத்தில் ஒன்றாக இறங்கியது. சோலார் வாட்டர் ஹீட்டர் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பதிலாக இருந்தது, இப்போது அப்படி இல்லாததற்கு இந்த விலைச் சரிவுதான் காரணம்.

குறை எங்கே என்றால், பேனல் கரண்ட் தருவது பகலில், நாம் குளிப்பது காலையிலும் இரவிலும். இடையில் பாலமாக இருப்பது நாட்டின் மின் வலையமைப்பு. கூரைச் சோலாரை ஊக்குவிக்கும் அரசாங்கத்தின் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் 2016இல் தொடங்கிய காலத்திலிருந்து வலையமைப்புக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கான விலையும் விதிகளும் பல தடவை மாறிவிட்டன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். அதற்குப் பிறகு, தேவை குறைந்த விடுமுறைப் பகல்களில் கூரைப் பேனல்கள் தரும் மின்சாரம் வலையமைப்புக்குச் சுமையாகிறது என்ற பேச்சு வலுத்தது. அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் நேரத்தில் பேனல்களை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ஆகவே நண்பகல் கரண்டை வலையமைப்புக்கு விற்று இரவில் எடுத்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் நம்பி இருபது ஆண்டுக் கணக்குப் போடாதீர்கள். நண்பகலில் வீட்டுக்குள்ளேயே செலவழிக்க ஒரு வழி இருந்தால் அதன் மதிப்பு இனிக் கூடும். நான்காவது வழியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

இன்னொரு விடயமும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது, கூரை நிறையப் பேனல் வைத்திருந்தவர்களும் இருட்டில்தான் இருந்தார்கள். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் கருவிதான் இன்வேட்டர். பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டர், வலையமைப்பில் கரண்ட் இல்லாதபோது தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அது அப்படித்தான் செய்யவேண்டும்.

## இரண்டாவது வழி: தனித்தனியாக

சோலார் வாட்டர் ஹீட்டர் மிக எளிமையான கருவி. சூடான தண்ணீர் பாரம் குறைந்து தானாக மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும். தாங்கி மேலே, வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும் சேகரிப்பான் கீழே என்று வைத்துவிட்டால் பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். 2022இல் கரண்ட் வெட்டு இருந்த வாரங்களிலும் இவர்கள் வீட்டில் மட்டும் சுடுதண்ணீர் வந்துகொண்டிருந்தது. உறைபனி என்ற பேச்சே இங்கே இல்லாததால், குளிர்நாடுகளில் போடும் உறைதடுப்பு இரசாயனமும் தேவையில்லை, தண்ணீரையே நேரடியாக ஓடவிடலாம்.

வெயிலில் பாதிக்கு மேல் வெப்பமாக எடுத்துவிடுவதால் இரண்டு சதுர மீற்றர் சேகரிப்பான் நல்ல நாளில் ஐந்து யூனிட் வரை தரும். கொழும்புக் குடும்பத்துக்கு வேண்டியதோ 2.2 யூனிட். மிச்சம் தாங்கிக்குள்ளேயே கொதித்துக்கொண்டிருக்கும். ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வந்து பைப்பைத் திறந்தவர்களுக்கு இது தெரியும். கை வைக்க முடியாத சூட்டில் வரும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், குளிர்ந்த தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் கலப்பு வால்வு போடாமல் விடாதீர்கள். கோட்டேஷனில் அது பெரும்பாலும் இருக்காது.

மறைந்திருக்கும் செலவு கூரையில்தான். 200 லீற்றர் தாங்கி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. கொங்கிரீட் ஸ்லாப்புக்கு அது பொருட்டில்லை. பழைய வீடுகளின் மரச்சட்டத்துக்கு மேல் போட்ட ஓட்டிலோ, அஸ்பெஸ்டஸ் சீற்றிலோ அப்படியே ஏற்றமுடியாது, இரும்புத் தாங்கல் அடிக்கவேண்டும். தெஹிவளையில் ஒரு வீட்டில் இதைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டு, அடுத்த மழைக்கு ஹோலுக்குள் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்ததை நேரில் பார்த்தேன். பிறகு சீற்றை மாற்ற ஆன செலவில் இன்னொரு ஹீட்டர் வாங்கியிருக்கலாம்.

## மூன்றாவது வழி: பிவிடி

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், கேள்வியே இதைப் பற்றித்தானே.

யோசனை புதிது கிடையாது. 1973இல் அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகம் கட்டிய 'சோலார் வன்' வீடு ஒரே கூரையிலிருந்து மின்சாரமும் வெப்பமும் எடுத்தது. அதன் பின்னால் இருக்கும் பௌதிகமும் நியாயமானது. நல்ல பேனல்கூட விழும் வெயிலில் 20, 22 வீதத்தைத்தான் மின்சாரமாக்குகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி அதைச் சூடாக்குவதிலேயே போகிறது. சூடானால் கரண்டும் குறையும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.35 வீதம் இழக்கிறோம். மார்ச் மாதத்தில் ஒரு நண்பகல், பம்பலப்பிட்டியில் ஒரு ஸ்லாப்பில் பேனலின் முதுகில் வெப்பமானியின் கம்பியை ஒட்டிவைத்துப் பார்த்தேன். காற்று 32 பாகை, பேனல் 61. அந்த நேரத்தில் மட்டும் 12 வீதத்துக்கு மேல் கரண்ட் ஆவியாகிக்கொண்டிருந்தது. அந்த வெப்பத்தைத் தண்ணீரால் எடுத்துவிட்டால் பேனலும் குளிரும், தண்ணீரும் சூடாகும். கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இங்கேதான் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. பேனலைக் குளிர்விக்கவேண்டுமென்றால் உள்ளே போகும் தண்ணீர் குளிர்ந்திருக்கவேண்டும். சுடுதண்ணீர் வேண்டுமென்றால் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுச் சூடாக்கவேண்டும். காலை ஒன்பது மணிக்குத் தாங்கி 28 பாகையில் இருக்கும்போது இரண்டு லாபமும் கிடைக்கும். ஒரு மணிக்குத் தாங்கி 48 பாகையாகிவிட்டால் பேனல் 53, 55 பாகைக்குக் கீழே இறங்காது. அதாவது வெயில் உச்சமான நேரத்தில் குளிர்விப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. யாராவது பகலில் தண்ணீரைத் திறந்து பாவித்துக்கொண்டே இருந்தால்தான் குளிர்ந்த தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கும். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்ட வீட்டில் பகலில் யார் திறப்பார்?

நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், குளிர்விப்பால் கிடைக்கும் மேலதிகக் கரண்ட் நாலைந்து வீதத்தில் நிற்கும் என்பது என் கணக்கு. 10 சதுர மீற்றர் பிவிடி நாளுக்கு ஏழரை யூனிட் தந்தால், அதில் இந்த லாபம் 0.3 யூனிட். தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் 40 வாட் என்றாலும், ஏழு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய அதே 0.3 யூனிட்டை எடுத்துக்கொள்கிறது. ஆகவே "கூடுதல் கரண்ட்" என்ற பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு, பிவிடியின் பெறுமதி முழுக்கச் சுடுதண்ணீரில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வகை. மேலே கண்ணாடி மூடாத பிவிடி 40, 45 பாகை வரை வசதியாகத் தரும். கண்ணாடி மூடியது இன்னும் சூடாகத் தரும், ஆனால் கண்ணாடியில் கொஞ்சம் வெளிச்சம் தெறித்துப் போவதால் கரண்ட் குறையும். பம்ப் நின்றுபோன பகலில் அது 120 பாகைக்கு மேலும் போகலாம், அந்தச் சூடு மின்கலங்களைச் சுற்றியுள்ள பசைப் படலத்தை மஞ்சளாக்கி உரித்துவிடும். கரண்ட் போனால் பம்ப் நிற்கும் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். கொழும்பில் வாங்குவதானால் கண்ணாடி மூடாததையே பார்க்கச் சொல்வேன். காற்றைச் சூடாக்கும் பிவிடி என்று ஒன்றும் உண்டு, அது குளிர்நாட்டு அறைகளுக்கு.

சுகாதாரம் சார்ந்த ஒரு விடயத்தையும் சொல்லவேண்டும். லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் 20 முதல் 45 பாகை வரையான தேங்கிய தண்ணீரில்தான் பெருகும். பிவிடி தாங்கி நாளில் பெரும்பகுதி இருப்பது அந்த எல்லைக்குள்ளேதான். ஆகவே தாங்கியை இடையிடையே 60 பாகைக்கு ஏற்ற ஒரு மின்சூடாக்கி வேண்டும். வீட்டுக்கு இது சின்னச் செலவு. மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் கட்டாயச் செலவு, அதைக் கணக்கில் சேர்க்காத கோட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

பழுது பற்றியும் யோசியுங்கள். பேனலில் பிழை என்றால் சோலார்காரர் வருவார். குழாயில் ஒழுக்கு என்றால் பிளம்பர் பாஸ் வருவார். பிவிடியில் இரண்டும் ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டியிருக்கிறது. பாஸ் "கரண்ட் இருக்குது, நான் தொடமாட்டன்" என்பார், சோலார்காரர் "தண்ணி வேலை எங்கட இல்லை" என்பார். நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் ஒரு இணைப்பு ஒழுகியதைச் சரிசெய்ய ஏழு வாரம் போனது. அத்தனை நாளும் அந்த வரிசைக் கரண்டும் நின்றது. ஒரு கருவிக்கு இரண்டு பயன் என்றால், ஒரு பழுதுக்கு இரண்டு இழப்பு. இதற்கு மேல் பிவிடி பேனல் சாதாரண பேனலைவிடப் பல மடங்கு விலை, இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தால் உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்கவும் வேண்டும். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு. இணைப்புகளில் செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு அங்கேதான் தொடங்கும்.

## நான்காவது வழி: பேனலும் ஹீட் பம்பும்

ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டை வாங்கி மூன்று யூனிட்டுக்கு மேல் வெப்பம் தரும். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக வேலை செய்யும். நாம் சலித்துக்கொள்ளும் அதே 28 பாகைக் காற்று இதற்கு நல்ல தீனி. குடும்பத்தின் 2.2 யூனிட் வெப்பத்துக்கு இது எடுப்பது 0.7 யூனிட் கரண்ட்தான்.

எனக்கு இதில் பிடித்தது அதன் தாங்கி. நேரக்கட்டுப்பாட்டை வைத்துக் காலை பத்திலிருந்து இரண்டு மணிக்குள் மட்டும் ஓடவிட்டால், நண்பகல் கரண்ட் சுடுதண்ணீராக மாறித் தாங்கிக்குள் இரவுவரை காத்திருக்கும். பற்றரி வாங்காமலே ஒரு பற்றரி. வலையமைப்புக்குக் கொடுக்கும் கரண்டின் விலை எப்படி மாறினாலும் இந்தப் பகுதியை அது தொடாது.

குறைகளும் உண்டு. சத்தம் போடும், படுக்கையறை யன்னலுக்கு வெளியே வைக்காதீர்கள். காற்றோட்டமில்லாத மூலைக்குள் அடைத்தால் தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். ஈரத்தைப் பிழிந்து தண்ணீர் சொட்டும், அதற்கொரு வடிகால் குழாய் வேண்டும். கொம்பிரசர் ஏசி கொம்பிரசர் மாதிரித்தான், ஆனால் அதனாலேயே அதைத் திருத்தத் தெரிந்தவர்கள் கொழும்பில் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

## எண்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால்

இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் வெயில் படும் கூரை 10 சதுர மீற்றர். ஒன்று நான்கு பேர் வீடு, சுடுதண்ணீர்த் தேவை நாளுக்கு 2.2 யூனிட். மற்றது பத்து அறை கெஸ்ட் ஹவுஸ், இருபது பேர், 800 லீற்றர், 11 யூனிட். சுடுதண்ணீர்த் தேவையை நிறைவேற்றிய பிறகு நல்ல வெயில் நாளில் மிஞ்சும் கரண்ட் இவ்வளவு:

| வழி | வீடு | கெஸ்ட் ஹவுஸ் |
|---|---|---|
| பேனலும் உடனடி ஹீட்டரும் | 5.3 யூனிட் | 3.5 யூனிட் பற்றாக்குறை |
| பேனலும் சோலார் வாட்டர் ஹீட்டரும் | 6.0 யூனிட் | 4.2 யூனிட் |
| பிவிடி | 7.5 யூனிட் | 7.5 யூனிட் |
| பேனலும் ஹீட் பம்பும் | 6.8 யூனிட் | 3.8 யூனிட் |

பிவிடிதான் இரண்டிலும் முதலிடம். விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை. ஆனால் வீட்டுப் பக்கத்தைப் பாருங்கள், ஹீட் பம்போடு உள்ள வித்தியாசம் 0.7 யூனிட். கூரையில் இன்னொரு சாதாரண பேனலுக்கு இடமிருந்தால் அந்த ஒன்று இரண்டு யூனிட் தந்து வித்தியாசத்தை மூன்று மடங்காக அடைத்துவிடும். கெஸ்ட் ஹவுஸில் வித்தியாசம் 3 யூனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 100 யூனிட் அளவு. அங்கே பிவிடிக்குக் கொடுக்கும் மேலதிக விலைக்கு உண்மையான பதில் கிடைக்கிறது.

மழைக்காலத்தில் எல்லா எண்ணும் இறங்கும். ஒக்டோபர், நவம்பர் மழையில் எந்த வழிக்கும் பின்னணிச் சூடாக்கி வேண்டும். உடனடி ஹீட்டரைக் கழற்றி விற்றுவிடாதீர்கள்.

## யாருக்கு எது

கூரையில் இடம் தாராளமாக இருக்கும் தனி வீடு, நான்கைந்து பேர்: முதலில் சாதாரண பேனல். ஹீட்டர் பழுதாகும்போது ஹீட் பம்ப். அவசரமில்லை.

கரண்ட் வெட்டுக்குப் பயப்படுபவர்கள், அல்லது வயதானவர்கள் இருந்து தினமும் சுடுதண்ணீர் தவறாமல் வேண்டும் என்பவர்கள், கொங்கிரீட் ஸ்லாப்பும் இருந்தால்: பழைய பாணிச் சோலார் வாட்டர் ஹீட்டரைவிட நம்பகமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்குக் கூரை சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. முகாமைத்துவக் குழுவின் சம்மதம் இல்லாமல் எதையும் ஏற்றமுடியாது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேனல் இடம்கூடக் கிடைக்காத உயரமான கட்டடங்களில், குழுவாகச் சேர்ந்து பிவிடி போடுவது யோசிக்கத் தக்கது. ஆனால் மேல்மாடியிலிருந்து எட்டு மாடி கீழே சுடுநீர்க் குழாய் இழுத்தால், அதில் தேங்கி ஆறும் தண்ணீரே லாபத்தைக் குடித்துவிடும். மேல் மூன்று மாடிகளுக்கு மட்டும் என்று வைத்தால் நன்றாக வரும்.

சிறிய கூரை, பகல் முழுக்கச் சுடுதண்ணீர்ப் பாவனை: கெஸ்ட் ஹவுஸ், சலவைக்கூடம், விடுதி, சிறிய மருத்துவமனை. பிவிடிக்கு உரிய இடங்கள் இவை. பகலில் துணி துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் தாங்கியைத் திரும்பத் திரும்பக் குளிர வைப்பதால், முன்பு சொன்ன முரணும் இங்கே தளர்ந்துவிடுகிறது. தெஹிவளை நண்பருக்கு நான் பிவிடியைத்தான் சொன்னேன். ஒரு நிபந்தனையோடு: பேனலுக்கும் குழாய்க்கும் ஒரே ஆள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவேண்டும். பெரிய ஏசி இயந்திரம் நாள் முழுக்க ஓடும் ஹோட்டல் என்றால், பிவிடிக்கு முன்னால் அந்த ஏசி வெளியே தள்ளும் வெப்பத்தைப் பிடித்துத் தண்ணீரைச் சூடாக்க முடியுமா என்று கேளுங்கள். கூரையே தேவைப்படாது.

கொட்டாஞ்சேனைக் குடும்பத்துக்கு இன்னும் கட்டட வேலை நடக்கிறது. சுவர் பூசுவதற்கு முன்னால் சுடுநீருக்குத் தனிக் குழாயும், கூரையிலிருந்து ஒரு வெற்றுக் குழாயும் விட்டுவைக்கச் சொன்னேன். இப்போது சில ஆயிரம் ரூபாய் வேலை, பிறகு டைல்ஸ் உடைக்கவேண்டும்.

## கோட்டேஷன் கையில் இருந்தால்

விற்பனையாளரிடம் இவற்றைக் கேளுங்கள். தாங்கி 45 பாகையில் இருக்கும்போது வெப்ப விளைச்சல் எவ்வளவு? (தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது எடுத்த உச்ச எண்ணை மட்டும் பலர் காட்டுவார்கள்.) பம்ப் எத்தனை வாட்? கரண்ட் போய் வெயில் எரிக்கும்போது பேனல் எத்தனை பாகைவரை போகும்? மின் பகுதிக்கும் வெப்பப் பகுதிக்கும் உத்தரவாதம் தனித்தனியா, ஒன்றாகவா? மின் பகுதி ஐஈசி 61215 தரத்திலும், வெப்பப் பகுதி ஐஎஸ்ஓ 9806 தரத்திலும் சோதிக்கப்பட்டதா? கொழும்பில் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் நேரில் போய்ப் பாருங்கள், இணைப்புகளில் பச்சைக் கறை பிடித்திருக்கிறதா என்று.

சின்னம்மா வீட்டில் மூன்று வாரம் நானும் அவரும் ஒரு கொப்பியில் எழுதிவந்தோம். குளிக்கப் போகும்போது ஒரு கோடு, ஹீட்டர் போட்டால் இன்னொரு கோடு. வீட்டில் ஐந்து பேர். ஹீட்டர் கோடு போட்டது பெரும்பாலும் சித்தப்பாவும், தடிமன் பிடித்த நாளில் சின்ன மகளும்தான். கூட்டிப் பார்த்தால் மாதத்துக்கு 30 யூனிட்டைத் தொடவில்லை. பில்லில் மிச்சம் முழுக்க இரண்டு ஏசியும் ஃபிரிஜ்ஜும்.

இப்போது அந்த ஸ்லாப்பில் எட்டுச் சாதாரண பேனல்கள் இருக்கின்றன, மழை கழுவிவிடும்படி பத்துப் பாகை சரிவில். தென்மேற்கு மூலையில் இரண்டு பேனல் அளவு இடத்தை வெறுமையாக விட்டோம். சின்னம்மா அங்கே இப்போதைக்கு மிளகாய் காயப்போடுகிறார்.